தேய்க்கிற மெஷினும் தேய்கிற பெயிண்டும்

உச்சி வெயிலில் நிற்கும் கறுப்புக் கார் ஒன்றின் பானட்டைப் பாருங்கள். சூரியன் பிரதிபலிக்கும் புள்ளியைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரியும். துடைத்தவர் கையைச் சுழற்றிச் சுழற்றித் துடைத்திருக்கிறார் என்று நினைப்போம். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வலையும் கூடவே வந்துவிடும். பானட்டின் வேறோர் இடத்தில், அங்கே தெரியும் சூரியனைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

கீறல்கள் எங்கும் போகவில்லை. அந்தப் பரப்பு முழுக்க, எல்லாத் திசைகளிலும், பொடிப்பொடியான கோடுகள் கிடக்கின்றன. சூரியனின் பிம்பத்திலிருந்து நாம் பார்க்கும் இடத்துக்கு மனசுக்குள் ஒரு கோடு இழுத்தால், அதற்குக் குறுக்கே கிடக்கும் கீறல் மட்டும்தான் ஒளியை நம் கண் பக்கம் திருப்பிவிடும். மற்றவை வேறு பக்கம் எறிந்துவிடும். குறுக்கே கிடப்பவற்றை மட்டும் சுற்றிலும் பொறுக்கிச் சேர்த்தால் வட்டம் கிடைக்கிறது. வட்டமாகத் துடைத்தாலும் நேராகத் துடைத்தாலும் தூசியோடு துடைத்த காருக்கு இந்த வலை நிச்சயம்.

கறுப்புக் காரில் அது அதிகம் உறுத்துவதற்கும் காரணம் உண்டு. கறுப்பு நிறம் உள்ளே போன ஒளியை விழுங்கிவிடுகிறது. கீறல் சிதறவிடும் சொற்ப ஒளி அந்த இருட்டின் மேல் பளிச்சென்று தெரிகிறது. வெள்ளை பெயிண்டோ தானே எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிப்பது. அந்த வெளிச்சத்தில் கீறலின் வெளிச்சம் கரைந்துவிடும். வெள்ளைக் காரிலும் கீறல்கள் இருக்கின்றன, காட்டிக்கொடுப்பதில்லை.

இந்த வலையைப் போக்கத்தான் மெஷின் பாலிஷ். டிங்கரிங் கடைகளில் ரப்பிங், பஃபிங் என்பார்கள். பாலிஷ் போட்டால் வண்டிக்கு மினுமினுப்பு ஏறும் என்பது பேச்சு வழக்கு. அங்கே ஏறுவது எதுவுமில்லை, பெயிண்ட் இறங்குகிறது. ஒரு கீறல் மறைய வேண்டுமானால், அதன் அடிமட்டம் எங்கே இருக்கிறதோ அதுவரை சுற்றியுள்ள பரப்பைச் சீவிக் கீழே கொண்டுவர வேண்டும். எவ்வளவு குறைவாகச் சீவி எவ்வளவு தெளிவை வாங்குகிறோம் என்பதுதான் இந்தத் தொழிலின் மொத்தத் திறமையும்.

கையிருப்பு எவ்வளவு?

இன்றைய கார் ஒன்றின் தகட்டின் மேல் வரிசையாக நான்கு பூச்சுகள் இருக்கும். மின்சாரத்தின் உதவியால் தொட்டியில் முக்கி ஏற்றும் துருத்தடுப்புப் பூச்சு ஏறத்தாழ 20 மைக்ரான். அதன் மேல் ப்ரைமர். அடுத்து நிறத்தைத் தரும் பேஸ் கோட். இது 15 மைக்ரான் அளவில் இருந்தாலே போதும். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட், பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரை. மொத்தமும் சேர்ந்து 100 முதல் 140 மைக்ரான். மனிதத் தலைமுடியின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான். அதாவது, பாலிஷ்காரர் கைவைக்கும் அடுக்கு ஒரு முடியின் கனம்கூட இல்லை.

பழைய அம்பாசடர், பத்மினி காலத்தில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. சிவப்புக் காரை ரப்பிங் செய்தால் துணி சிவப்பாகும். துணியில் நிறம் ஏறுவதைப் பார்த்துத்தான் வேலை நடப்பதையே தெரிந்துகொள்வார்கள். 1970களின் பிற்பகுதியிலிருந்து பேஸ் கோட், கிளியர் கோட் என்று பிரிக்கும் முறை உலகமெங்கும் பரவியது. இந்த வகைக் காரில், மெஷினில் மாட்டித் தேய்க்கும் பேடு மீது காரின் நிறம் ஏறினால் உடனே மெஷினை நிறுத்திவிட வேண்டும். கிளியர் கோட் அந்த இடத்தில் முடிந்துபோய், நிறப்பூச்சு தேய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பாலிஷ் உதவாது, ஸ்பிரே கன்தான்.

அதுவரை போகாமல், பாதியில் நிறுத்தினாலும் நஷ்டம் உண்டு. கிளியர் கோட்டுக்குள் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கின்றன. தடிமன் குறையக் குறைய அதிகக் கதிர் ஊடுருவி நிறப்பூச்சைத் தொடும். இரண்டு பூச்சுகளுக்கும் இடையிலான பிடிப்பு தளரும். சில ஆண்டு வெயிலுக்குப் பிறகு பானட்டிலும் கூரையிலும் வெண்மையாகப் பூத்து, தோல் உரிவதுபோல் உரிந்து நிற்கும் கார்களைத் தெருவில் பார்க்கலாம். பாலிஷ் போட்ட அன்று அந்த நஷ்டம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

ஆகவே நல்ல கடைக்காரர் முதலில் கையில் எடுப்பது தடிமன் மானி. இரும்புத் தகடானால் காந்தப்புலத்தின் மூலமும், அலுமினியமானால் சுழல் மின்னோட்டத்தின் மூலமும் அது பூச்சின் கனத்தைச் சொல்லிவிடும். ஒரு கதவில் 120 மைக்ரான், அடுத்த கதவில் 300 என்று காட்டினால் இரண்டாவது கதவு மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டது. ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் 120 இருந்து ஓரிடத்தில் மட்டும் 80 என்றால், முன்பே யாரோ அங்கே ஆசை தீரத் தேய்த்திருக்கிறார்கள். மானிக்கும் எல்லை உண்டு. அது சொல்வது நான்கு பூச்சுகளின் கூட்டுத்தொகை. கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மானி வாயே திறக்காது.

மெருகு என்பது என்ன?

இந்தக் கேள்விக்கு 1704-இல் வெளியான தன் ஒளியியல் நூலில் நியூட்டன் ஒரு பதில் வைத்திருக்கிறார். கண்ணாடியைப் பொடியால் மெருகேற்றுவதும் ஒருவகைக் கீறல்தான்; கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிட்டால் அதை மெருகு என்கிறோம் என்பது அவர் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீல்பி என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் இதை மறுத்தார். தேய்க்கும்போது மேற்பரப்பு திரவம்போல வழிந்து பள்ளங்களை நிரப்பிக்கொள்கிறது என்றார். பல ஆண்டுகள் இந்தக் கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது. பிறகு ஆஸ்திரேலிய உலோகவியலாளர் லெனார்ட் சாமுவேல்ஸ், மெருகேற்றிய உலோகங்களை நுணுகி ஆராய்ந்து, அங்கே நடப்பது பெரும்பாலும் நுண்ணிய செதுக்கல்தான் என்று காட்டினார். நியூட்டன் சொன்னதற்குப் பக்கத்தில் வந்து நின்றது விஷயம்.

காரின் கிளியர் கோட் உலோகமில்லை, பாலிமர். அதில் செதுக்கலோடு கொஞ்சம் நசுங்கி நகர்வதும் உண்டு. ஆனால் அளவுகோல் ஒன்றே. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். பரப்பின் மேடுபள்ளம் அதைவிட மிகச் சிறிதாக இருந்தால், ஒளி அதைப் பொருட்படுத்தாமல் கண்ணாடியில் பட்டதுபோல் ஒழுங்காகத் திரும்பும். மேடுபள்ளம் அலைநீளத்தை நெருங்கினால் புகை படிந்ததுபோல் மங்கும். தாண்டினால் தனித்தனிக் கீறலாகத் தெரியும்.

பாலிஷ் ஏன் இரண்டு, மூன்று கட்டமாக நடக்கிறது என்பதற்கு இதுதான் விளக்கம். ஆழமான குறையை 2000 எண் உப்புத்தாளால் தேய்த்தால், அதன் துகள்கள் சராசரியாகப் 10 மைக்ரான் என்பதால், பரப்பு சாம்பல் பூத்துவிடும். உராய்துகள் கலந்த பசையான காம்பவுண்ட் அந்தக் கோடுகளை எடுத்து அதைவிடச் சிறிய கோடுகளைப் போடும். ஃபைன் பாலிஷ் அவற்றையும் எடுத்து ஒளிக்கே அகப்படாத கோடுகளைப் போடும். ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் கீறலை அழிக்கத்தான். நடுவில் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்தால், கடைசிப் பாலிஷ் எவ்வளவு நேரம் போட்டாலும் அடியில் பழைய கோடு நின்றுகொண்டேயிருக்கும்.

பிரஸ்டன் சொன்ன கணக்கு

1927-இல் கண்ணாடித் தொழில்நுட்ப அறிஞர் எஃப். டபிள்யூ. பிரஸ்டன், தட்டைக் கண்ணாடியை மெருகேற்றும் இயந்திரங்களை ஆராய்ந்து ஓர் எளிய விதியை எழுதினார். ஒரு பரப்பு தேயும் வேகம், அதன் மேல் உள்ள அழுத்தத்தையும் உரசும் வேகத்தையும் பெருக்கினால் வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். பெருக்கலோடு ஒரு மாறிலி. உராய்பொருள், பேடு, தேய்படும் பொருள் எல்லாம் அந்த மாறிலிக்குள் அடக்கம். இன்று கணினிச் சில்லுகளுக்கான சிலிக்கான் வட்டுகளைச் சமப்படுத்தும் ஆலைகளிலும் இந்த விதியிலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது. பாலிஷ்காரர் கையில் இருக்கும் எல்லாச் சாமான்களையும் இதற்குள் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் வேகம். ரோட்டரி மெஷின் என்பது மோட்டார் பேடை நேரடியாகச் சுழற்றும் வகை. 150 மில்லிமீட்டர் பேடு நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடினால், அதன் விளிம்பு நொடிக்கு 11.8 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 42 கிலோமீட்டரில் பெயிண்டை உரசிக்கொண்டு போகும். அதே பேடின் நடுப்புள்ளியின் வேகம் சைபர். ஒரே பேடு ஓரத்தில் வெறித்தனமாகச் சீவுகிறது, நடுவில் சும்மா இருக்கிறது. விளிம்பு போடும் கோடுகளும் ஒரே வாக்கில் வளைந்து அமைவதால், வெயிலில் வண்டியை எடுத்ததும் அந்தத் தடங்கள் அலையலையாக மினுங்கும். 'ஹாலோகிராம்' என்று தொழிலில் சொல்லும் குறை இதுதான். பெரும் சிலந்தி வலையை எடுக்கப்போய் வேறொரு வலையை விட்டுவிட்டு வருவது.

டூயல் ஆக்‌ஷன் மெஷினில், சுருக்கமாக டி.ஏ.வில், பேடு மோட்டாரின் அச்சிலிருந்து சற்றே விலகி மாட்டப்பட்டிருக்கும். பேடு முழுவதும் சிறு வட்டமடித்து ஆடும். கூடவே தன்னிச்சையாக மெதுவாகச் சுழலவும் செய்யும். 15 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தை நிமிடத்துக்கு 4,000 தடவை அடித்தால் வேகம் நொடிக்குச் சுமார் 3 மீட்டர். ரோட்டரியின் விளிம்போடு ஒப்பிட்டால் நாலில் ஒரு பங்கு. ஆனால் இந்த வேகம் பேடின் நடுப்புள்ளிக்கும் உண்டு. சீவல் பரவலாகிறது, ஆட்டமும் சுழற்சியும் கலப்பதால் ஒரே துகள் ஒரே தடத்தில் மறுபடி போவதில்லை. புதிதாகப் பழகுபவருக்கு டி.ஏ.தான் பாதுகாப்பு என்று சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

அடுத்தது அழுத்தம். மெஷினின் எடையும் கையின் அழுத்தமும் சேர்ந்து 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பேடு தட்டையாக உட்கார்ந்தால் அந்த எடை 177 சதுர சென்டிமீட்டரில் பரவி, சதுர சென்டிமீட்டருக்கு 28 கிராம் ஆகும். மெஷினைச் சாய்த்து, பேடில் பத்தில் ஒரு பங்கு மட்டும் படும்படி பிடித்தால் அது 280 கிராம். பிரஸ்டன் விதிப்படி அங்கே பத்து மடங்கு வேகமாகத் தேயும். பானட்டின் மடிப்புகளிலும் கதவின் ஓரங்களிலும் பாலிஷ்காரர் எதுவும் செய்யாமலே இது நடக்கிறது. தட்டைப் பேடு கூர்மையான மடிப்பில் ஒரு கோடாகத்தான் படும். போதாததற்கு, பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே பரப்பு இழுவிசையால் கூரிய விளிம்பைவிட்டு விலகி, அங்கே மெலிந்துதான் காய்ந்திருக்கும். பெயிண்ட் குறைவான இடத்தில் அழுத்தம் அதிகம். பாலிஷில் பெயிண்ட் 'வெட்டிக்கொண்டு போவது' பெரும்பாலும் விளிம்புகளில்தான். அனுபவசாலிகள் மடிப்புகளின் மேல் முதலிலேயே மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுவார்கள்.

டி.ஏ.யில் அதிகம் அழுத்தினால் இன்னொன்றும் நடக்கும். பேடின் தன்னிச்சையான சுழற்சி நின்று, வெறும் நடுக்கம் மட்டும் மிஞ்சும். சத்தம் வரும், வேலை நடக்காது. பேடு மாட்டும் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோடு சுற்றி வந்தால் சரி. நின்ற இடத்தில் அதிர்ந்தால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் அல்லது பேடைச் சமமாக வைக்க வேண்டும்.

சூடும் கணக்கில் உண்டு

உராய்வில் பிறக்கும் வெப்பமும் விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான். தேய்மானத்தைத் தீர்மானிக்கும் அதே பெருக்கல் சூட்டையும் தீர்மானிக்கிறது. சீக்கிரம் முடிக்கலாம் என்று அழுத்தினாலும் சரி, வேகத்தைக் கூட்டினாலும் சரி, சூடும் அதே விகிதத்தில் ஏறும். சூடேறிய பாலிமர் இளகும். துகள்கள் தேவைக்கு மேல் ஆழமாக இறங்கும். இன்னும் சூடேறினால் பூச்சே கருகி மங்கும்.

அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் இரும்புத் தகடு வெப்பத்தைக் கொஞ்சமாவது பக்கவாட்டில் கடத்திவிடும். பம்பரின் பிளாஸ்டிக்குக் கடத்தவே தெரியாது. தகட்டில் பிரச்சினையில்லாத அதே அழுத்தம் பம்பரில் பெயிண்டைக் கருக்கிவிடுவது அதனால்தான். சித்திரை வெயிலில் நின்ற கருநிறக் காரின் மேல்தகடு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த நிலையில் மெஷினை வைத்தால் காம்பவுண்டில் உள்ள ஈரம் நொடியில் வற்றி, துகள்கள் காய்ந்த பொடியாக இழுபடும். நிழல் வேண்டும், தகடு ஆறியிருக்க வேண்டும். வேலைக்கு நடுவே புறங்கையைத் தகட்டில் வைத்துப் பார்த்து, பொறுக்க முடியாத சூடென்றால் அந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போவது நல்லது.

அழுத்தத்தையும் வேகத்தையும் கூட்ட வழியில்லை என்றால் கீறலை எப்படி எடுப்பது? பிரஸ்டனின் மாறிலி இருக்கிறது. காம்பவுண்டில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் ஆக்ஸைடுத் துகள். மோ கடினத்தன்மை அளவில் அது 9. எந்தக் கிளியர் கோட்டையும் சீவிவிடும். எவ்வளவு ஆழமாகச் சீவும் என்பதைத் துகளின் அளவும் அதைப் பிடித்திருக்கும் பேடும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கம்பளிப் பேடும் மைக்ரோஃபைபர் பேடும் நன்றாக வெட்டும். கெட்டி ஃபோம் அதற்கடுத்து. மென்மையான ஃபோமில் துகள் அழுந்தி உள்ளே போய்விடுவதால் நுனி மட்டுமே பெயிண்டைத் தொடும். கடைசிக் கட்டத்துக்கு அது. ஒரே காம்பவுண்டைப் பேடை மாற்றிப் போட்டாலே இரண்டு வேறு வேலைகள் வாங்க முடியும்.

மெஷினைத் தொடும் முன்னும் பின்னும்

நல்ல முடிவு பாதிக்கு மேல் மெஷின் ஓடாத நேரத்தில்தான் தீர்மானமாகிறது. கழுவிய காரின் மேல், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழுவழு என்றிருந்த பரப்பு இப்போது சொரசொரக்கும். பிரேக்கிலிருந்தும் ரயில் தடத்திலிருந்தும் பறந்து வந்து ஒட்டிய இரும்புத் துணுக்குகள், பெயிண்ட் தெறிப்பு, மரப்பால் எல்லாம் அங்கே குத்தி நிற்கின்றன. இரும்புத் துணுக்குகளுக்கென்றே தயோகிளைகோலேட் கலந்த திரவம் உண்டு. தெளித்த சில நிமிடங்களில் இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறமாக வழியும். மீதியை, வழுக்கும் திரவம் தெளித்து, கிளே எனப்படும் களிமண் போன்ற கட்டியால் உருவி எடுக்கிறார்கள். இதைச் செய்யாமல் மெஷினை வைத்தால் பிடுங்கப்பட்ட துணுக்குகள் பேடில் சிக்கிக்கொண்டு புதிய கீறல் போடும்.

அடுத்து ஒரு சோதனைக் கட்டம். பானட்டில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றைத் தேர்ந்து, கையிலுள்ளதிலேயே மிக மென்மையான பேடு, மிக மென்மையான பாலிஷ் என்று தொடங்க வேண்டும். கீறல் போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடுமை கூட்டலாம். கிளியர் கோட்டின் கடினம் கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் ஒரே கம்பெனியில் நிறத்துக்கு நிறம்கூட மாறும். ஒரு காருக்குச் சரிவந்த கூட்டணி பக்கத்துக் காருக்கும் சரிவரும் என்று சொல்ல முடியாது. சோதனைக் கட்டத்தில் கிடைத்த சூத்திரத்தை வண்டி முழுக்க அப்படியே திருப்பிச் செய்ய வேண்டும்: பட்டாணி அளவில் மூன்று நாலு சொட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்வு, முன்னே போன தடத்தில் பாதியை மூடும் அடுத்த தடம், நெடுக்கே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் தேய்த்தோ காற்றடித்தோ சுத்தம் செய்தாக வேண்டும். பேடு சுமந்துகொண்டிருப்பது நாம் ஊற்றிய காம்பவுண்டை மட்டுமல்ல, காரிலிருந்து சீவிய கிளியர் கோட்டையும்தான். அது பிசினாகத் திரண்டு துளைகளை அடைத்தால் வெட்டு குறையும், சூடு கூடும்.

முடிவைச் சரிபார்ப்பதில்தான் ஏமாற்று வேலைக்கு இடம் இருக்கிறது. டியூப்லைட் வெளிச்சம் பெரிய பரப்பிலிருந்து வருவதால் கீறலின் மினுக்கம் அதில் கரைந்துவிடும். புள்ளி வெளிச்சம் வேண்டும்: வெயில் அல்லது ஒற்றை எல்இடி டார்ச். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் தங்கி, கண்ணுக்கு அதை மறைத்துவிடுவதும் உண்டு. எண்ணெயின் ஒளிவிலகல் எண் கிளியர் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒளி அங்கே பள்ளம் இருப்பதைக் கவனிக்காமல் போய்விடுகிறது. இரண்டு வாட்டர் வாஷில் எண்ணெய் போனதும் வலை பழையபடி நிற்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மை அங்கேயே தெரிந்துவிடும். வண்டியை எடுக்கப் போகும்போது கடைக்காரரிடம் இதைக் கேட்பதில் தப்பில்லை.

எங்கே நிறுத்துவது?

நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படும் கீறல் பெரும்பாலும் பாலிஷுக்கு அப்பாற்பட்டது. அதன் அடிவரை சீவப்போனால் கிளியர் கோட்டில் பெரும்பங்கு போய்விடும். அதன் கூர்மையான உதடுகளைக் கொஞ்சம் மழுக்கிவிட்டால் ஒளி பழையபடி தெறிக்காது. ஐந்தடி தூரத்தில் கண்ணில் படாது. அதோடு விட்டுவிடுவதே கெட்டிக்காரத்தனம்.

பாலிஷுக்குப் பிறகு செராமிக் கோட்டிங் போட்டால் இனிமேல் கீறலே விழாது என்று விற்பார்கள். '9 எச்' என்று ஓர் எண்ணும் சொல்வார்கள். அது பென்சில்களை வைத்துச் சோதிக்கும் கடினத்தன்மை அளவு. மோ அளவுகோலின் 9-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெருத்தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மோ அளவில் 7. அந்த மெல்லிய கோட்டிங்கையும் அது கீறும். கோட்டிங்கின் உண்மையான லாபம் அழுக்கு எளிதில் கழுவப்பட்டுப் போவது. கீறலை அது மூடவும் மூடாது.

கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். காம்பவுண்ட் போடும் ஒரு கட்டம் இரண்டு மூன்று மைக்ரானைத் தின்னும், ஃபைன் பாலிஷ் ஒரு மைக்ரான் அளவில் எடுக்கும். இருப்பதோ நாற்பது, அதிலும் வெயிலைத் தாங்கப் பெரும்பகுதி மிஞ்சியிருக்க வேண்டும். கடுமையான பாலிஷ் என்பது ஒரு காரின் ஆயுளில் விரல்விட்டு எண்ணிச் செய்ய வேண்டிய காரியம். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் “ரப்பிங் பாலிஷும் போட்டுடலாமா சார்?” என்று கேட்டால், வலை எதுவும் தெரியாத வண்டிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதற்குப் பதில் காலையில் வண்டி துடைப்பவரிடம், தூசி மேல் காய்ந்த துணியைப் போடாமல், முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு அப்புறம் துடைக்கச் சொல்லுங்கள். வலையில் பெரும்பகுதி பின்னப்படுவது அந்தக் காய்ந்த துணியால்தான்.